கல்லூரி அறிமுக உயிரியல் ஆய்வக வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் முதன்முதலாக உயிரியல் ஆய்வக வகுப்பில் சேரும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றுக்கான விடைகளை, ஆய்வக மேசையருகே நின்று சொல்லித்தருபவரின் நோக்கிலிருந்து இங்கே எழுதியிருக்கிறேன். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. அந்தந்த வாரச் சோதனைக்கு முன் அதற்குரிய பகுதியைப் படித்தாலே பயன்படும்.

விரிவுரை வகுப்பிலேயே எல்லாம் சொல்லித்தரப்படுகிறதே, ஆய்வக வகுப்பு தனியாக எதற்கு?

செல்லுக்கு உட்கரு உண்டு என்பதை விரிவுரையில் ஒரு வாக்கியமாகக் கேட்டு ஏற்றுக்கொள்கிறீர்கள். ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலில் சிற்றறைகளைக் கண்டு அவற்றுக்கு 'செல்' என்று பெயரிட்டது 1665-இல். ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் உட்கருவை விவரித்து அதற்குப் பெயர் சூட்டியது 1831-இல். இடையில் 166 ஆண்டுகள். அந்தக் காலத்தில் நுண்ணோக்கி வழியே செல்களைப் பார்த்தவர்கள் பலர். உட்கருவையே கண்டு குறித்தவர்களும் சிலர் உண்டு. ஆனால் ஒன்றைக் காண்பதற்கும், அது எல்லாச் செல்களிலும் தேடத்தக்க ஓர் உறுப்பு என்று துணிந்து சொல்வதற்கும் இடையில் பெரும் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு எத்தகையது என்பதை நீங்களே செய்து அறிந்துகொள்ளும் இடம் ஆய்வகம். பாடநூலில் உள்ளதை மெய்ப்பித்துக் காட்டும் வகுப்பு என்று இதை நினைத்துக்கொண்டு வருபவர்கள்தாம் பின்னர் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பள்ளியில் ஆய்வகக் கருவிகளைத் தொட்டதே இல்லை. என்னால் சமாளிக்க முடியுமா?

முடியும். இந்த வகுப்பு அறிமுக நிலை வகுப்பு. நுண்ணோக்கியை எப்படித் தூக்குவது என்பதிலிருந்துதான் தொடங்கும். ஒரு கை அதன் கழுத்தையும் மற்றொரு கை அடிப்பகுதியையும் பிடித்திருக்க வேண்டும். பள்ளியில் பழகியவர்களுக்கு முதல் சில வாரங்களில் கை சற்று வேகமாக ஓடும், அவ்வளவே. தெரியாததைத் தெரியவில்லை என்று அந்த நொடியே கேட்பவர்கள், தெரிந்ததுபோல் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை விரைவில் முந்திவிடுவதை ஒவ்வொரு வகுப்பிலும் காணலாம்.

வகுப்புக்கு முன்பு என்ன தயாரிப்பு வேண்டும்?

செய்முறைக் குறிப்பைப் படித்தால் மட்டும் போதாது. அதை உங்கள் சொற்களில் ஒரு பக்கத்துக்குள் படிப்படியாக எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் காத்திருக்க வேண்டும், எந்த இடத்தில் காலம் தவறினால் எல்லாம் வீணாகும் என்பது அப்போதுதான் கண்ணில் படும். அளவீடுகளை எழுத வேண்டிய அட்டவணையை, அலகுகளுடன், வீட்டிலேயே வரைந்துகொண்டு வாருங்கள். ஒரு வகுப்பு பொதுவாக இரண்டு அல்லது மூன்று மணி நேரம் நடக்கும். அட்டவணை இல்லாமல் வருபவர்கள் எண்களைத் துண்டுத் தாளில் கிறுக்கிவிட்டு, மாலையில் எந்த எண் எந்தக் குழாய்க்குரியது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

இன்னொன்று: சோதனையின் முடிவு எப்படி இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ அதை, காரணத்துடன், வகுப்புக்கு முன்பே எழுதிவையுங்கள். கருதுகோள் என்பது அதுதான். முடிவைப் பார்த்த பிறகு எழுதப்படும் எதிர்பார்ப்புக்கு எந்த மதிப்பும் இல்லை.

பாதுகாப்பு விதிகள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன?

அறிமுக வகுப்பில் பயன்படுத்தும் பொருள்களில் பெரும்பாலானவை நீர்த்த கரைசல்கள்தாம். ஆயினும் வேர்நுனியை மென்மையாக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதச் சோதனைக்குரிய சோடியம் ஹைட்ராக்சைடும், இலை நிறமிகளைப் பிரிக்கும் அசிட்டோனும் அந்த மேசையில்தான் இருக்கும். முதலிரண்டும் கண்ணைக் கெடுக்கும். மூன்றாவது எளிதில் தீப்பிடிக்கும். அதனால்தான் மூடிய காலணி, ஆய்வக மேலங்கி, காப்புக் கண்ணாடி, கட்டிய தலைமுடி ஆகியவை கட்டாயம். உணவும் நீரும் உள்ளே கூடாது. திரவத்தை அளந்து எடுக்கும் குழாயான பிப்பெட்டை ஒருபோதும் வாயால் உறிஞ்சக் கூடாது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் வெப்பத்தால் கொதித்துத் தெறிக்கும்.

கண்ணில் எது தெறித்தாலும் கண் கழுவும் இடத்துக்கு உடனே சென்று 15 நிமிடங்கள் இடைவிடாமல் நீரால் கழுவ வேண்டும், அதே வேளையில் ஆசிரியருக்கும் சொல்லியனுப்ப வேண்டும். கண்ணாடி உடைந்தால் கையால் பொறுக்க வேண்டாம். ரப்பர் கையுறை ஒவ்வாமை, ஆஸ்துமா, கருவுற்றிருத்தல் போன்றவற்றை முதல் வகுப்பிலேயே ஆசிரியரிடம் தனியாகத் தெரிவித்துவிடுங்கள். மாற்று ஏற்பாடு செய்ய அவருக்கு நேரம் வேண்டும்.

நுண்ணோக்கியில் ஒன்றுமே தெரியவில்லை. என்ன செய்வது?

இதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. பத்தில் ஒன்பது பேர் நேராக உயர் உருப்பெருக்கத்துக்குப் போயிருப்பார்கள், காரணம் அதுவாகவே இருக்கும்.

கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு பெருக்குவது. பொருளருகு லென்ஸ்கள் வழக்கமாக 4, 10, 40, 100 மடங்கு பெருக்குபவை. இரண்டையும் பெருக்கினால் மொத்த உருப்பெருக்கம் 40, 100, 400, 1000 என்று வரும். பல வகுப்பறை நுண்ணோக்கிகளில் 40 மடங்கில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர், 400 மடங்கில் அது 0.45 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். விட்டம் பத்தில் ஒரு பங்காகும்போது பரப்பு நூற்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அவ்வளவு சிறிய பரப்புக்குள் உங்கள் பொருள் தற்செயலாக வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே எப்போதும் மிகக் குறைந்த லென்ஸில் தொடங்குங்கள். பொருளைக் கண்டுபிடித்து, வட்டத்தின் நடுவே கொண்டுவந்து, தெளிவாக்கிய பிறகே அடுத்த லென்ஸுக்குத் திருப்புங்கள். நல்ல நுண்ணோக்கிகளில் ஒரு லென்ஸில் தெளிவாக்கியது அடுத்த லென்ஸிலும் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். நுண் திருகைச் சிறிது திருப்பினால் போதும். 40 மடங்கு லென்ஸின் நுனிக்கும் ஸ்லைடுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடமே இருப்பதால், அந்த நிலையில் பெரிய திருகைத் தொட்டால் ஸ்லைடு உடையும், லென்ஸும் கீறப்படும்.

அப்படியும் தெரியவில்லையென்றால் ஒளியைக் கவனியுங்கள். நிறமேற்றாத செல்கள் ஏறக்குறைய கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுபவை. விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் அவை கரைந்துபோனதுபோல் மறைந்துவிடும். மேடைக்குக் கீழேயுள்ள ஒளித்தடுப்பைச் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டே பார்த்தால் செல்லின் விளிம்புகள் கருமை கூடி எழுந்து வரும். வெளிச்சத்தைக் கூட்டினால்தான் நன்றாகத் தெரியும் என்ற எண்ணத்தை இந்த ஒரு முயற்சியே போக்கிவிடும்.

100 மடங்கு லென்ஸுக்கு எண்ணெய் தேவை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, காற்றினுடையது 1.00. ஒளி ஸ்லைடிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது விலகிச் சிதறி, ஒரு பகுதி லென்ஸுக்குள் வராமலே போகிறது. கண்ணாடிக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்புகிறது. பார்த்து முடித்ததும் லென்ஸ் தாளால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். கைக்குட்டையோ மேலங்கியின் நுனியோ வேண்டாம்.

நான் பார்ப்பது செல்லா, காற்றுக்குமிழியா?

தடித்த, கரிய, குறையற்ற வட்ட விளிம்பும் உள்ளே வெறுமையும் இருந்தால் அது குமிழி. முதல் நாளில் மிக அழகாக வரையப்படும் 'செல்கள்' பலவும் குமிழிகளே.

வெங்காயத் தோலில் பழகுவது நல்லது. வெங்காயத்தின் சதைப்பற்றான இதழ் ஒன்றை ஒடித்து, அதன் குழிந்த உட்பக்கத்திலிருந்து மெல்லிய சவ்வை இடுக்கியால் உரித்தெடுங்கள். அது சுருண்டுகொள்ளும், ஸ்லைடில் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு சொட்டு நீரில் மிதக்கவிட்டு, ஊசியால் மடிப்பை நீக்கிப் பரப்புங்கள். கண்ணாடி மூடுவில்லையின் ஒரு விளிம்பை நீரில் தொடவைத்து, ஏறத்தாழ 45 பாகை சாய்வில் பிடித்து, ஊசியால் தாங்கியபடி மெல்ல இறக்கினால் காற்று ஒரு பக்கமாக வெளியேறிவிடும். மேலிருந்து தொப்பென்று போட்டால் குமிழிகள் சிறைப்படும். பிறகு மூடுவில்லையின் ஒரு விளிம்பில் அயோடின் கரைசல் ஒரு சொட்டு வைத்து, எதிர் விளிம்பில் உறிஞ்சுதாளை ஒற்றுங்கள். நிறம் உள்ளே இழுக்கப்பட்டுச் செல் செல்லாகப் பரவுவதையும், வெளிறிய செங்கல் வரிசைக்குள் உட்கரு ஒவ்வொன்றாக மஞ்சட்பழுப்பு நிறம் ஏறித் தோன்றுவதையும் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உட்கரு சில செல்களில் நடுவிலும், சிலவற்றில் சுவரோடு ஒட்டியும் இருக்கும். எல்லாச் செல்களிலும் நடுவில் வரைந்துவிடாதீர்கள். இருக்கும் இடத்தில் வரையுங்கள்.

செல்லின் அளவை எப்படிச் சொல்வது?

கண்ணருகு லென்ஸுக்குள் இருக்கும் அளவுகோலுக்குத் தனக்கென அலகு இல்லை. ஒவ்வொரு உருப்பெருக்கத்திலும் அதை அளவீடு செய்ய வேண்டும். அதற்காக, ஒரு மில்லிமீட்டரை 100 பிரிவுகளாகப் பிரித்த ஸ்லைடு ஒன்று இருக்கும். அதன் ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். 400 மடங்கில் கண்ணருகு அளவுகோலின் 40 பிரிவுகள் ஸ்லைடு அளவுகோலின் 10 பிரிவுகளோடு பொருந்துவதாகக் கொள்வோம். அப்படியானால் 40 பிரிவுகள் 100 மைக்ரோமீட்டர். ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீட்டர். உங்கள் கன்னத்தின் உட்புறச் செல் 24 பிரிவுகள் அகலம் இருந்தால் அது 60 மைக்ரோமீட்டர். கணக்கு இவ்வளவுதான். உருப்பெருக்கத்தை மாற்றியதும் இந்த 2.5 என்ற எண் செல்லாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எனக்குப் படம் வரைய வராது. மதிப்பெண் குறையுமா?

குறையாது. ஓவியத் திறமையை யாரும் மதிப்பிடுவதில்லை. கூரிய பென்சிலால் தொடர்ச்சியான ஒற்றைக் கோடு, நிழலிடாமை, ஒன்றையொன்று வெட்டாத குறிப்புக் கோடுகள், படத்தின் கீழே உருப்பெருக்கம் அல்லது அளவுகோல், என்ன பொருள், என்ன சாயம் என்ற குறிப்பு ஆகியவையே கேட்கப்படுகின்றன. இரண்டு மூன்று செல்களைப் பெரிதாக, அவற்றின் நீள அகல விகிதம் மாறாமல் வரைந்தால் போதும்.

கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்தால் ஆகாதா என்றும் கேட்பார்கள். ஆசிரியர் அனுமதித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரைபடத்துக்கு அது ஈடாகாது. வரையும்போதுதான் இந்தச் சுவர் அடுத்த செல்லோடு எங்கே சேர்கிறது என்று மீண்டும் குனிந்து பார்க்க நேர்கிறது. வரைவதைவிடப் பார்ப்பதில் அதிக நேரம் செலவானால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

வெங்காய வேர்நுனியில் பாடநூலில் உள்ளதுபோல் செல்பிரிவு நிலைகள் ஏன் தெரிவதில்லை?

பாடநூல் படங்கள் ஆயிரக்கணக்கான செல்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. உங்கள் ஸ்லைடிலோ பெரும்பாலான செல்கள் இடைநிலையிலேயே, அதாவது ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடைப்பட்ட நிலையிலேயே, இருக்கும். செல் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த நிலையில்தான் கழிக்கிறது. எந்த நிலை அதிக நேரம் நீடிக்கிறதோ அந்த நிலையில் அதிகச் செல்கள் அகப்படும். ஆகவே அனாஃபேஸ் (குரோமோசோம்கள் இரு முனைகளை நோக்கிப் பிரிந்து செல்லும் நிலை) அரிதாகக் கிடைப்பது உங்கள் குறையன்று, அந்த நிலை விரைவாக முடிந்துவிடுகிறது என்பதற்கான சான்று. பார்த்த செல்களில் எத்தனை பிரிந்துகொண்டிருந்தன என்ற விகிதத்தைக் கணக்கிடுங்கள்: 200 செல்களை எண்ணி அவற்றில் 20 பிரிவு நிலைகளில் இருந்தால், பிரிவுக் குறியீடு 10 விழுக்காடு.

பிரியும் செல்கள் நுனியின் ஓரிரு மில்லிமீட்டருக்குள் மட்டுமே உள்ளன. அதற்கு மேலே வெட்டினால், நீண்டு முதிர்ந்த செல்களைத்தான் பார்ப்பீர்கள். வெதுவெதுப்பான அமிலத்தில் வைக்கும் நேரம் குறைந்தால் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகாது, அவை குவியலாகவே நிற்கும். மூடுவில்லையை உறிஞ்சுதாளால் மூடிக் கட்டைவிரலால் நேர் கீழே அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் செல்கள் உருண்டு சிதைந்துவிடும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். நன்கு பரவிய மெட்டாஃபேஸ் செல் (குரோமோசோம்கள் நடுவே வரிசையாக நிற்கும் நிலையிலுள்ள செல்) ஒன்று கிடைத்தால் எண்ணிப் பாருங்கள். 16 வராவிட்டால், வந்த எண்ணையே எழுதி, எவை ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன என்று குறிப்பிடுங்கள்.

கட்டுப்பாட்டுச் சோதனை என்று வெறும் நீரையும் ஒரு குழாயில் வைக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

இந்த வகுப்பில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்த குழாய் நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறினால் ஒடுக்கும் சர்க்கரை (குளுக்கோஸ் போன்றது) இருக்கிறது என்கிறோம். நிறம் மாறியதற்கு உங்கள் மாதிரிதான் காரணம், கழுவப்படாத குழாய் காரணமன்று என்று எப்படித் தெரியும்? நீர் மட்டும் உள்ள குழாய் நீலமாகவே நின்றால் தெரியும். நிறம் மாறவில்லை என்றால், மாதிரியில் சர்க்கரை இல்லையா, அல்லது கரைசலே கெட்டுவிட்டதா? குளுக்கோஸ் சேர்த்த குழாய் செந்நிறமானால், கரைசல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆக, 'ஆம்' என்று வரவேண்டிய ஒரு குழாயும் 'இல்லை' என்று வரவேண்டிய ஒரு குழாயும் அருகில் இருந்தால்தான் உங்கள் மாதிரிக்குழாய் சொல்வதை நம்ப முடியும்.

சுக்ரோஸ் இனிப்பாக இருந்தும் பெனடிக்ட் சோதனையில் நிறம் தராது, ஏனெனில் அது ஒடுக்கும் சர்க்கரை அன்று. அயோடின் உருளைக்கிழங்கில் கருநீலமாகும். வெங்காயத்தில் ஆகாது, வெங்காயம் உணவை மாவுச்சத்தாகச் சேமிப்பதில்லை. இவற்றை முன்கூட்டியே ஊகிக்க முயலுங்கள். நொதிச் சோதனையிலும் இதே முறைதான்: ஹைட்ரஜன் பெராக்சைடில் உருளைக்கிழங்குச் சாற்றை விட்டால் நுரை பொங்கும்; கொதிக்கவைத்து ஆறவிட்ட சாற்றை விட்டால் பொங்காது. கொதித்த சாறு இல்லாமல் நுரைக்குக் காரணம் நொதி என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

என் முடிவு 'தவறாக' வந்துவிட்டது. பாடநூலில் உள்ளபடி மாற்றி எழுதலாமா?

கூடாது. முடிவு தவறாக வருவதில்லை. உங்கள் குழாயில் நடந்ததுதான் நடந்தது. அதற்கு நீங்கள் தரும் விளக்கம் வேண்டுமானால் தவறாக இருக்கலாம்.

சவ்வூடு பரவல் சோதனையை, அதாவது செல்சவ்வு வழியே நீர் உள்ளேயும் வெளியேயும் செல்வதைப் பார்க்கும் சோதனையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவாக வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டுகளை 0 முதல் 1.0 மோலார் வரை செறிவு வேறுபட்ட சுக்ரோஸ் கரைசல்களில் வைத்து, முன்னும் பின்னும் எடை பார்ப்பீர்கள். நீரில் உள்ள துண்டு எடை கூடி விறைக்கும். செறிந்த கரைசலில் உள்ளது எடை குறைந்து துவளும். 2.50 கிராம் இருந்தது 2.75 கிராம் ஆனால் மாற்றம் 10 விழுக்காடு. செறிவை கிடை அச்சிலும் விழுக்காட்டு மாற்றத்தை நேர் அச்சிலும் குறித்துக் கோடு வரைந்தால், கோடு சுழியைக் கடக்கும் செறிவு அந்தக் கிழங்கின் செல்களோடு சமநிலையில் உள்ள செறிவாகும். இப்போது 0.4 மோலார் கரைசலில் இருந்த துண்டு மட்டும் 0.2 மோலாரில் இருந்ததைவிட எடை கூடியிருக்கிறது என்று வையுங்கள். அந்தப் புள்ளியை நீக்கிவிட்டு அழகான கோடு வரைவது எளிது. ஆனால் அந்தப் புள்ளி ஒரு கேள்வி. எடை பார்க்கும் முன் அந்தத் துண்டை ஒற்றியெடுத்தீர்களா, அல்லது மேற்பரப்பு நீரோடு சேர்த்து எடைபோட்டீர்களா? அதில் தோல் ஒட்டியிருந்ததா? வெட்டிய பின் நெடுநேரம் மேசையில் உலர்ந்ததா? இரு முகவைகளின் பெயர்ச்சீட்டுகள் இடம் மாறினவா? பக்கத்துக் குழுவின் அதே செறிவுத் துண்டு என்ன ஆயிற்று? இவற்றில் எதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்று எழுதும் மாணவரின் அறிக்கை, பிசிறில்லாத கோடு வரைந்தவரின் அறிக்கையைவிட மேலானது. மதிப்பெண் இடும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதையே எதிர்பார்க்கிறார்கள்.

புள்ளியை நீக்குவதற்கு ஒரே நியாயமான வழி உண்டு: தவறு நடந்ததை அந்த நேரத்திலேயே குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டும். 'இந்தத் துண்டு கீழே விழுந்தது' என்ற குறிப்பு வகுப்பு நடக்கும்போதே இருந்தால் நீக்கலாம். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகக் காரணத்தைப் பின்னால் தேடக் கூடாது.

குறிப்பேட்டில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

நாள், சோதனையின் நோக்கம், நீங்கள் உண்மையில் செய்தது, கண்டது, அளந்தது. 'உண்மையில் செய்தது' என்பதை வலியுறுத்துகிறேன்: செய்முறைக் குறிப்பு 10 நிமிடம் என்று சொல்லி, நீங்கள் 13 நிமிடம் வைத்திருந்தால் 13 என்று எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள். பிழையானால் ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அடித்தது படிக்கக்கூடியதாகவே இருக்கட்டும், அது சரியாக இருந்தது என்று பின்னர் தெரியவரலாம். அலகு இல்லாத எண்ணை எழுதாதீர்கள். நடக்கவில்லை என்பதும் ஒரு கவனிப்புதான். கட்டத்தை வெற்றாக விட்டால் அளக்கவில்லையா, மாற்றம் இல்லையா என்று தெரியாது.

பிப்பெட்டில் ஏன் எல்லோருக்கும் வேறு வேறு அளவு வருகிறது?

நுண்பிப்பெட்டின் பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு. திரவத்தை எடுக்க முதல் நிறுத்தம் வரை அழுத்தி, முனையைத் திரவத்தில் வைத்து மெல்ல விட வேண்டும். வெளியேற்ற இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்த வேண்டும். எடுக்கும்போதே இரண்டாம் நிறுத்தத்துக்குப் போய்விடுவதுதான் பெரும்பாலானவர்களின் பிழை. அப்போது அளவு கூடிவிடும். பொத்தானைச் சட்டென்று விட்டால் காற்று புகுந்து அளவு குறையும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: 100 மைக்ரோலிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 0.1 கிராம். தராசில் ஒரு சிறு தட்டை வைத்து ஐந்து முறை இட்டுப் பாருங்கள், ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது உங்கள் கையின் நிலையைக் காட்டும். அளவுருளையைப் பயன்படுத்தினால், வளைந்த நீர்மட்டத்தின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படியுங்கள்.

உயிரியலுக்குப் புள்ளியியல் எதற்கு?

உயிரினங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பதால்தான். ஒரே ஒரு துண்டை அளந்தால் அந்தத் துண்டைப் பற்றி மட்டுமே பேச முடியும்; பலவற்றை அளந்து, சராசரியையும் அதைச் சுற்றிய சிதறலையும் சொன்னால்தான் வேறுபாடு உண்மையா என்று பேச முடியும்.

மரபியல் சோதனையில் கை-வர்க்கச் சோதனை (chi-square) வரும்; எண்ணிக் கிடைத்தவை எதிர்பார்த்தவற்றோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று அது காட்டும். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில், இரண்டாம் தலைமுறையில் 705 செடிகள் ஊதாப் பூவும் 224 செடிகள் வெண்பூவும் கொண்டிருந்தன. மொத்தம் 929. 3:1 விகிதம் உண்மையானால் 696.75-உம் 232.25-உம் வர வேண்டும். இரண்டிலும் வேறுபாடு 8.25. அதை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 0.39 வருகிறது. இங்கே போல இரண்டு வகைகளை மட்டும் ஒப்பிடும்போது (ஒரு விடுதலைப் பாகை என்பார்கள்), கருதுகோள் சரியாக இருந்தும் தற்செயலாக 5 விழுக்காட்டு முறை மட்டுமே தாண்டப்படும் எல்லை 3.84. நம் எண் அதற்கு மிகக் கீழே இருப்பதால், 3:1 என்ற கருதுகோளை விலக்க இந்த எண்ணிக்கைகளில் காரணம் இல்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். 'விலக்கப்படவில்லை' என்பதே சரி.

மெண்டலின் எண்கள் ஒட்டுமொத்தமாக எதிர்பார்ப்போடு அளவுக்கு மீறி நெருங்கிப் பொருந்துகின்றன என்று 1936-இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் கணக்கிட்டுக் காட்டினார். அது எப்படி நேர்ந்தது என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. மெண்டலின் விதிகள் நிலைத்துவிட்டன. ஆனால் மிக நேர்த்தியான எண்களும் ஐயத்துக்கு உரியவை என்பதை முதலாண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

குழுவாகச் செய்த சோதனைக்கு எல்லோரும் ஒரே அறிக்கை தரலாமா?

அளவீடுகள் பொதுவானவை, எழுத்து உங்களுடையது. அட்டவணையில் அதே எண்கள் இருப்பது இயல்பு. விளக்கத்தில் அதே வாக்கியங்கள் இருந்தால் அது நகல். குழுவில் ஒருவரே எப்போதும் அளந்து மற்றவர் எப்போதும் எழுதிக்கொண்டிருந்தால், தேர்வு நாளில் இருவருக்கும் பாதிதான் தெரியும். வாரந்தோறும் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிக்கையை எந்த வரிசையில் எழுதுவது?

தலைப்பு, முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்பது படிப்பவருக்கான வரிசை. எழுதுபவருக்கு முடிவுகளிலிருந்து தொடங்குவது எளிது: முதலில் வரைபடத்தை வரைந்து, அது என்ன காட்டுகிறது என்று எழுதிவிட்டால், மற்றப் பகுதிகளில் எது தேவை என்பது தெளிவாகும். நீங்கள் மாற்றிய காரணி கிடை அச்சிலும், அதனால் மாறியது நேர் அச்சிலும் வர வேண்டும். முடிவுகள் பகுதியில் விளக்கம் கலக்காதீர்கள். 'மனிதப் பிழைகள் நேர்ந்திருக்கலாம்' என்ற வரியை விட்டுவிடுங்கள். எந்தப் பிழை, அது எண்ணைக் கூட்டுமா குறைக்குமா என்று சொல்லாதவரை அதில் பொருளே இல்லை.

விலங்குகளைக் கட்டாயம் அறுக்க வேண்டுமா?

பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் இது வேறுபடுகிறது. பல இடங்களில் மாதிரி உருவங்களும் கணினி வழி அறுவைப் பயிற்சியும் மாற்றாக ஏற்கப்படுகின்றன. மனம் ஒப்பவில்லை என்றால் பருவத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள், அறுவை நாளன்று காலையில் அல்ல. செய்வதென்று முடிவெடுத்தால் கவனத்தோடு செய்யுங்கள்: ஓர் உயிர் அதற்காகப் பயன்பட்டிருக்கிறது. கத்தியைக் குறைவாகவும் மழுங்கிய முனைக் கருவிகளை அதிகமாகவும் பயன்படுத்தினால் உறுப்புகள் சிதையாது.

பாக்டீரியாவை வளர்ப்பது ஆபத்து இல்லையா?

அறிமுக வகுப்புக்கெனத் தேர்ந்தெடுக்கப்படுபவை பொதுவாகத் தீங்கு குறைந்த வகைகள். ஆயினும் பாக்டீரியா வளர்க்கும் ஒவ்வொரு தட்டிலும் நோய்க்கிருமி இருக்கிறது என்று கருதியே நடந்துகொள்ள வேண்டும், ஏனெனில் காற்றிலிருந்தோ விரலிலிருந்தோ எது வந்து விழுந்து வளர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. வளர்ந்த தட்டைத் திறக்காதீர்கள். மூடியில் சேரும் நீர்த்துளி வளர்ச்சியின் மேல் சொட்டாதிருக்கத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பயன்படுத்தியவை 121 பாகை செல்சியஸில், அழுத்த நீராவியில், குறைந்தது 15 நிமிடம் வைக்கப்பட்ட பிறகே குப்பைக்குப் போகும்.

செய்முறைத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

புத்தகத்தை மட்டும் வைத்துப் படிக்க முடியாத தேர்வு இது. மேசைக்கு மேசை நகர்ந்து, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களில் பொருளை அடையாளம் கண்டு எழுத வேண்டியிருக்கும். அங்கே வைக்கப்படும் ஸ்லைடு நீங்கள் பழகிய அதே ஸ்லைடாக இருக்காது. நிறம் வெளிறியிருக்கும், கோணம் வேறாக இருக்கும். எனவே ஒரே பொருளின் பல ஸ்லைடுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் 'இதை எதை வைத்துச் சொல்கிறேன்' என்று ஒரு காரணத்தை எழுதிப் பழகுங்கள். திறந்த ஆய்வக நேரம் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

ஒரு வகுப்புக்கு வர முடியாமல் போனால்?

உடனே தெரிவியுங்கள். கரைசல்களும் உயிருள்ள பொருள்களும் அந்த வாரத்துக்கென்று தயாரிக்கப்படுவதால், வேறொரு பிரிவோடு சேர்ந்து அதே வாரத்தில் செய்வதே பெரும்பாலும் ஒரே வழி.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது. இந்த வகுப்பை எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம், ஆனால் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நிறத்தைச் சார்ந்த சோதனைகள் பல இருக்கின்றன: பெனடிக்ட் கரைசலின் பச்சையும் செங்கல் நிறமும், பாக்டீரியாக்களை இரு வகையாகப் பிரித்தறியும் கிராம் (Gram) சாயமேற்றத்தின் ஊதாவும் இளஞ்சிவப்பும் அவற்றுள் சில. நிறத்துக்குப் பதிலாக அளவைப் பயன்படுத்தும் வழிகளைக் கேளுங்கள். நிறமானி இருந்தால் அது ஒளி உறிஞ்சலை எண்ணாகவே தரும். இலை நிறமிகளைத் தாளில் பிரிக்கும்போது கரோட்டின் எல்லாவற்றுக்கும் மேலே, சாந்தோஃபில் அதன் கீழே, குளோரோஃபில் ஏ, பி அவற்றுக்கும் கீழே என்று வழக்கமான கரைப்பானில் வரிசை அமையும், நிறமி நகர்ந்த தொலைவைக் கரைப்பான் நகர்ந்த தொலைவால் வகுத்தால் (6 சென்டிமீட்டரை 8 சென்டிமீட்டரால் வகுத்தால் 0.75) நிறத்தைப் பார்க்காமலே எந்தப் பட்டை எது என்று சொல்லலாம். வேறு வழியே இல்லாத சோதனையில் கூட்டாளியிடம் நிறத்தைக் கேட்டு, 'நிறம் கூட்டாளியால் படிக்கப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வில் அத்தகைய மேசைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.